ஜன்னல் பக்கத்துக் கை

ஜனவரி 12

தம்பிக்கு,

இங்கு நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பெண்களும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாத ஆபரேஷன் இல்லை. உன் கிட்னி எனக்கு வேண்டாம். லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள், டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். மூன்று வருஷம் வேண்டாம் என்றவள் போன வருஷம் சரி என்றேன், இப்போது மறுபடியும் வேண்டாம் என்கிறேன். மனுஷிக்கு மனசு மாறக் கூடாதா?

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் என்ன பேசினோம் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது. சொல்ல வேண்டியதை எழுது.

மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மிச்ச நாள் டிரைவிங் ஸ்கூல். நேற்று ஒரு பல் டாக்டரை முதன்முதலாகப் பெரிய சாலைக்கு அழைத்துப் போனேன். ஸ்டியரிங்கில் கை தந்தி அடித்தது. "பல்லைப் பிடுங்கறப்பவும் இப்படித்தானா? சொல்லிடுங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார், நடுக்கம் நின்றுவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய யாரும் பயந்தபடியே இறங்கிப் போனதில்லை. அந்தப் பெருமை எனக்குப் போதும்.

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நீ எழுதியதை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த ஒரு கிட்னிக்காக நான் என்னவெல்லாம் செய்தேன் என்று உனக்குத் தெரியுமா? சிகரெட்டை விட்டேன். தொப்பையைக் குறைத்தேன். எத்தனை பரிசோதனை, எத்தனை குழாய், எத்தனை கேள்வி. வேலை செய்யும் இடத்தில் எனக்கு 'ஒத்தக் கிட்னி' என்று பேரே வைத்துவிட்டார்கள். ரிப்பேர் பார்க்க லிப்ட் குழிக்குள் நான் இறங்கினால், "ஒத்தக் கிட்னி உள்ளே இருக்காரு, யாரும் பட்டனைத் தொடாதீங்க" என்று மேலிருந்து குரல் வரும். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது அவர்களிடம் என்ன சொல்ல? என் அக்காவுக்கு மனசு மாறிவிட்டது என்றா?

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா பேசினார். ஆபரேஷன் நிறுத்தப்பட்டது, காரணத்தை நோயாளிதான் சொல்ல வேண்டும் என்றார். காரணம் எனக்குத் தெரியும். அது உன் திமிர். அப்பா போன பிறகு, கண்டவர்களுக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, நாள் முழுக்க வெயிலில் காய்ந்து என்னைப் படிக்க வைத்தாய். அதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் பதிலுக்கு நான் ஒன்று கொடுத்துவிட்டால் மட்டும் உன் கிரீடம் இறங்கிவிடும், இல்லையா? கொடுக்கிற இடத்திலேயே உட்கார்ந்து பழகிவிட்டாய். அடுத்தவன் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாலும் உனக்குப் பொறுக்காது.

காரணம் எழுது. எழுதாவிட்டால் நானும் இனி எழுத மாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை டயாலிசிஸ் நாற்காலியில் வைத்துப் படித்தேன். அங்கேதான் நடுவில் எழுந்து ஓட முடியாது. நீ கிரீடத்துக்கு வந்த இடத்தில் என் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று மெஷின் கத்த ஆரம்பித்தது. தலைமை நர்ஸ் வந்து, "என்னக்கா படிக்கறீங்க, கோர்ட் நோட்டீஸா?" என்றார். என் தம்பி எழுதியிருக்கிறான் என்றேன்.

காரணம் கேட்டாய். புற்றுநோய். தோலில் வருவது. எழுதிவிட்டேன், போதுமா?

என் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பரு மாதிரி வந்தது. சிவப்பும் ஊதாவுமாக ஒரு நிறம். வலி இல்லை, அரிப்பு இல்லை. எங்கள் டயாலிசிஸ் கூடத்தில் 'ஊசிக் கை' என்றால் அது தனி மரியாதை. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கடிகாரம் கட்டக் கூடாது, பை மாட்டக் கூடாது, யாரும் பிடித்து அமுக்கக் கூடாது. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் எங்கள் உயிர்வழியே அடைத்த மாதிரி. நான் அதற்கும் ஒரு படி மேலே போய், முழுக்கை உறை தைத்து மாட்டிக்கொண்டு, கிட்டே வந்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன். பரு வந்ததும் ஊசி குத்திய வீக்கம் என்றே நினைத்தோம். நானும் நினைத்தேன், நர்ஸுகளும் நினைத்தார்கள். ஊசி குத்தும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி மாற்றினோம். ஐஸ் வைத்தோம். மேலே உறையை இழுத்துவிட்டோம். அப்படிக் காவல் காத்தே அதை வளர்த்துவிட்டோம்.

பட்டாணி அளவு இருந்தது கோலிக்குண்டு ஆன பிறகுதான், ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் ஒரு டாக்டர் உறையைக் கழற்றச் சொன்னார். அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். மெர்க்கல் செல் என்று அதற்குப் பேர். லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகமாம். நான் எதிலுமே கூட்டத்தோடு நின்றவள் இல்லை, இதில் மட்டும் நிற்பேனா?

வெயில் ஒரு காரணம் என்கிறார்கள். முப்பது வருஷமாகக் கற்றுக்கொடுப்பவள் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலில் வைத்த கை இதுதான். கிட்னி போன உடம்பில் நோயை எதிர்க்கிற காவல் குறைவு என்பது இன்னொரு காரணம்.

உன் கிட்னியை வாங்கினால் அது ஒட்டுவதற்காக, மிச்சமிருக்கும் காவலையும் மாத்திரை போட்டு அமுக்க வேண்டும். அமுக்கினால் கட்டிக்குக் கொண்டாட்டம். அதனால்தான் நிறுத்தினார்கள். எனக்குத் திமிர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை அதன்மேல் பழி போடாதே.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு.

உன் கடிதம் வந்த அன்று ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில்தான் வேலை. லிப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து படித்தேன். கீழே பட்டனை அழுத்திவிட்டு யாரோ ஒருவர் சலித்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவன் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

பிறகு யோசித்தேன். கட்டி சின்னதுதானே. வெட்டி எடுக்கட்டும். கதிர் வைத்துப் பொசுக்கட்டும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் பொறுத்துப் பார்ப்போம். மறுபடி வரவில்லை என்று ஆன பிறகு என் கிட்னியை வாங்கிக்கொள். நான் இப்படியே இருக்கிறேன். சிகரெட்டைத் தொட மாட்டேன், எடை ஏற விட மாட்டேன். எத்தனை வருஷம் என்றாலும் உனக்காகப் பத்திரமாக வைத்திருப்பேன். வேறு எந்த வைத்தியத்துக்கும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே.

அந்த நர்ஸுகள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வாரத்தில் மூன்று நாள் பார்க்கிற கை, ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லையே.

நான் கிளம்பி வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

வராதே. இப்போது வந்தால் நீ என் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாய், நான் உனக்குத் தைரியம் சொல்லியே களைத்துப் போவேன். நான் கூப்பிடும்போது வா.

நர்ஸுகளைத் திட்டாதே. உறையை மாட்டிக்கொண்டு முறைத்தவள் நான். தலைமை நர்ஸ் விஷயம் தெரிந்த அன்று கழிவறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். இப்போது எங்கள் கூடத்தில் மாதம் ஒருமுறை எல்லாருடைய உறையையும் கழற்றி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். என் பேரைச் சொல்லித்தான் கழற்றச் சொல்கிறார்களாம்.

வெட்டி எடுக்கச் சொன்னாய். ஸ்கேனில் அக்குளிலும் காறையெலும்புக்கு மேலேயும் நெறி கட்டியிருப்பது தெரிந்தது. கையில் இருப்பதை வெட்டினால் ஊசிக் கை போய்விடும், பரவியது பரவியபடியே இருக்கும். அதனால் புற்றுநோய் டாக்டரம்மா, கிட்னி டாக்டர், நான், மூன்று பேரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். கிட்னி டாக்டர் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றவர். ரிவர்ஸ் எடுக்கும்போது நான் தெருவில் நின்றால் இன்றைக்கும் அவருக்கு வேர்க்கும். அன்றைக்கும் வேர்த்தது.

டாக்டரம்மா ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னார். உடம்பின் காவலுக்குள் ஒரு பிரேக் இருக்கிறதாம். கட்டி அதன்மேல் காலை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். மருந்து அந்தக் காலைத் தட்டிவிடும், பிறகு காவல் தானே பாய்ந்து கட்டியைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க பிரேக் மிதித்தவளிடம் இதைச் சொன்னால் புரியாதா? "மெஷினில் ரத்தம் சுத்தமாகும்போது மருந்தும் சேர்ந்து போய்விடாதா?" என்று கேட்டேன். அது பெரிய உருப்படி, வடிகட்டியின் துளைக்குள் நுழையாது, கிட்னி வழியாக வெளியேறும் மருந்தும் இல்லை, அதனால் மற்றவர்களுக்கு எவ்வளவோ உங்களுக்கும் அவ்வளவே என்றார். டயாலிசிஸுக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பல மருந்தும் பாதி, கால் என்றே தந்தார்கள். முழு அளவு என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, சிரிக்காதே.

பிறகு டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த மருந்தச் சோதிச்சப்ப டயாலிசிஸ்ல இருக்கறவங்களச் சேத்துக்கவே இல்ல. அங்கங்க ஒருத்தர் ரெண்டு பேருக்குக் குடுத்த செய்திதான் இருக்கு. எங்க ஆஸ்பத்திரில நீங்கதான் முதல் ஆள். நல்லா வரும்னு நினைக்கறேன், ஆனா உறுதி சொல்ல மாட்டேன்."

"உறுதி சொல்லியிருந்தீங்கன்னா எழுந்து போயிருப்பேன்" என்றேன்.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. காவலை அவிழ்த்துவிட்ட உடம்பில் அடுத்தவர் கிட்னி இருந்தால் அதையும் அது துரத்தும். இந்த மருந்தைப் போட்டுக்கொண்டால் கிட்னி மாற்றுவதை ரொம்ப வருஷத்துக்கு, அநேகமாக எப்போதைக்குமே, மறந்துவிட வேண்டும் என்றார்கள். நீ காத்திருக்கச் சொன்னாய். இது காத்திருக்கிற நோய் இல்லை, மாதத்துக்கு மாதம் வளர்கிறது. ஒன்று யோசித்துப் பார். மூன்று வருஷத்துக்கு முன்பே நான் தலையாட்டியிருந்தால், இன்றைக்கு என் உயிரா, உன் கிட்னியா என்று கேட்டிருப்பார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, டயாலிசிஸ் இல்லாத நாளில். முதல் ஊசி நேற்று போட்டாயிற்று. நானே வண்டி ஓட்டிக்கொண்டு போய், நானே திரும்பி வந்தேன்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்கிறாய். சரி.

நீ செய்தது சரி என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள், பெண்கள் சொல்கிறார்கள், கூட வேலை செய்பவன்கூடச் சொல்கிறான். என் மூளையும் சொல்கிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. உனக்கு என்று ஒன்றை வைத்திருந்தேன், அது உனக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. இனி உனக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? நான் எதற்கு இருக்கிறேன்? மறுபடி சிகரெட்டைப் பிடித்தால்தான் என்ன?

மருந்து எப்படி இருக்கிறது என்று எழுது. பொய் எழுதாதே.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

சிகரெட்டைத் தொட்டாய் என்று தெரிந்தால் அங்கே வந்து உதைப்பேன். நீ எனக்குத் தம்பி, உதிரிபாகக் கடை இல்லை. ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் கடையை மூடிவிடுவதா?

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோர்வு. பொய் எழுதாதே என்றாய், அதனால் எழுதுகிறேன். ஏப்ரலில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. டயாலிசிஸ்காரர்களுக்கு அசதி புதிதில்லை, அதனால் நானும் சாதாரணமாக விட்டுவிட்டேன். ஒருநாள் பாடத்தின் நடுவில் நானே தூங்கிவிட்டேன். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பையன் என்னை எழுப்பப் பயந்து ஊரையே சுற்றி வந்திருக்கிறான். மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவிழ்த்துவிட்ட காவல் போகிற போக்கில் தைராய்டையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டதாம். அதற்கு ஒரு மாத்திரை, தினமும், ஆயுசுக்கும். இப்போது பழையபடி எல்லாரையும் அதட்டுகிறேன்.

போன வாரம் ஸ்கேன். அக்குளில் இருந்தது பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. கையில் இருந்த குண்டு தட்டையாகி, உதிர்ந்து, அடியில் புதுத்தோல் தெரிகிறது. ஊசிக் கைக்கு ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா படத்தைக் காட்டினார். கிட்னி டாக்டர் எழுந்து நின்று, "பாஸ் பண்ணிட்டீங்க மிஸ்" என்றார். அவருக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று நான் சொன்னது அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லாதே.

இப்போது வா.

அக்கா


ஜூலை 20

அக்கா,

உன்னைப் பார்த்துவிட்டு இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். ஊரில் இறங்கியதிலிருந்து உன் புராணம்தான் பாடுகிறேன். வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒத்தக் கிட்னி என்ற பேரும் போய்விட்டது. இப்போது நான் 'டிரைவரம்மா தம்பி'.

அந்த டயாலிசிஸ் கூடத்தை நான் இத்தனை வருஷமாக ஒரு ஜெயில் என்றே நினைத்திருந்தேன். உன்னை அதிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம். நீ உள்ளே நுழைந்த விதத்தைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாசல் படுக்கைக்காரரிடம் மகன் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்கிறாய், புதிதாக வந்த பெண்ணுக்கு எந்த நாற்காலியில் கால் மரக்காது என்று சொல்லித்தருகிறாய், தலைமை நர்ஸையே அதட்டுகிறாய். டாக்டரம்மா நாலைந்து இளம் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உன் கையைக் காட்டியபோது, நீ ராணி மாதிரி நீட்டினாயே, அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இது என் அக்கா என்று அங்கேயே கத்த வேண்டும் போல் இருந்தது.

அவர்கள் போன பிறகு, "தொட்டுப் பாரு, என்ஜின் ஓடுது" என்று அதே கையை என்னிடம் நீட்டினாய். யாரையும் தொட விடாத கை. விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் என் வாழ்நாளில் எத்தனையோ மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தவன், அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் நேரில் கேட்க வாய் வரவில்லை. மூன்று வருஷம் வேண்டாம் என்றாய், பிறகு நான் நச்சரித்ததால் சரி என்றாய், பிறகு முடியாமல் போனது. இதில் என்றைக்காவது, ஒருமுறையாவது, உனக்கே அது வேண்டும் என்று தோன்றியதா? இல்லை, நான்தான் என் ஆசைக்கு உன்னை இழுத்துக்கொண்டிருந்தேனா? என்னைச் சமாதானப்படுத்துவதற்காக எதுவும் எழுதாதே.

தம்பி


அக்டோபர் 30

தம்பிக்கு,

முதலில் நல்ல செய்தி. புது ஸ்கேனில் எங்கேயும் எதுவும் தெரியவில்லை. போய்விட்டது என்ற சொல்லை டாக்டரம்மா வாயிலிருந்து வரவழைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன், நடக்கவில்லை. தெரியவில்லை என்றுதான் சொல்வேன் என்கிறார். மருந்து தொடரும், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது போதும்.

டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசினாராம். பேர் போட மாட்டார்களாம், 'ஐம்பத்தெட்டு வயதுப் பெண், டயாலிசிஸ் நோயாளி' என்று மட்டும் போட்டிருந்தார். தொழிலைப் போடவில்லையே என்று சண்டை பிடித்தேன். அடுத்த கூட்டத்துக்கு 'வாகன ஓட்டுநர் பயிற்சியாளர்' என்று சேர்த்துவிட்டார். அதைக் கேட்ட வேறொரு ஆஸ்பத்திரியில், இதே நோய் வந்து டயாலிசிஸில் இருக்கிற ஒரு பெரியவருக்கு இதே மருந்தை ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் பயப்படுகிறார் என்று என்னோடு போனில் பேச வைத்தார்கள். பேசினேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பேசுகிற மாதிரிதான் பேசினேன். கடைசியில் அவர் சிரித்துவிட்டார்.

இப்போது உன் கேள்வி. மூன்று மாதமாக இதற்குத்தான் பதில் எழுதாமல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வேண்டும் என்று இருந்தது. ஒருமுறை இல்லை, தினமும். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடிக்க வேண்டும் என்று இருந்தது. இங்கே எங்களுக்குத் தண்ணீரும் அளவுதான், உனக்குத் தெரியும். எந்த ஊருக்காவது போய், அங்கே மெஷின் இருக்கிறதா என்று விசாரிக்காமல் தங்க வேண்டும் என்று இருந்தது. நீ ஒவ்வொரு தடவை கேட்டபோதும் வாங்கிக்கொள் வாங்கிக்கொள் என்று உள்ளே ஒருத்தி கத்துவாள். குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவனிடம், இரண்டு பெண்களைப் பெற்றவனிடம் எப்படி வாங்குவது என்று அவள் வாயைப் பொத்துவேன். சரி என்று சொன்னது உன் நச்சரிப்பால் இல்லை. அவள் வாயைப் பொத்தி என் கை ஓய்ந்துவிட்டது. இந்த மருந்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள், டாக்டரம்மா பேனாவை நீட்டுகிற மாதிரி நினைத்துப் பார்த்து வாய்விட்டு அழுதேன். சாவுக்குப் பயந்து இல்லை. உன் கிட்னிக்காக.

அதனால் இனி உன்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று எழுதாதே. நீ கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டேன் தம்பி. உள்ளே வைக்கத்தான் இடமில்லாமல் போய்விட்டது.

அக்கா